புள்ளியா, சாய்கோடா?

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காட்டோரத்து ஊர் ஜவளகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் வட்டாரம் இது. இங்கே கேழ்வரகு விளையும் ஒரு ஏக்கர் நிலத்தை விற்கவோ வாங்கவோ நினைப்பவர் இன்று முதலில் கையில் எடுப்பது செல்போன். சிட்டா பார்க்க வேண்டுமானால் இசர்வீசஸ்.டிஎன்.கவ்.இன். வில்லங்கச் சான்றுக்கு டிஎன்ரெஜிநெட்.கவ்.இன். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புக்கு கிருஷ்ணகிரி.நிக்.இன். அவருக்கு ஓசூரில் ஒரு வீடு இருந்தால், மாநகராட்சியின் பக்கம் டிஎன்அர்பன்ட்ரீ.டிஎன்.கவ்.இன் என்ற பெயருக்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு ‘ஓசூர்’ என்று எழுதிய இடத்தில் இருக்கிறது. தட்டுவதென்னவோ ஆங்கில எழுத்தில்தான். இங்கே ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி என்ற சொல் முதல் புள்ளிக்கு முன்னால் நிற்கிறது. ஓசூர் என்ற சொல் சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டும் ஊர்ப் பெயர்கள். ஒன்றுக்குப் புள்ளியும் மற்றதற்குச் சாய்கோடும் ஏன்? இணையதளத்தைக் கட்டுகிறவர்கள் இதை அழகு பற்றிய கேள்வியாகவும், கூகுளில் முன்னால் வருவது பற்றிய கேள்வியாகவும் நினைத்து மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். உண்மையில் இது யாரை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி.

முதலில் பெயரைப் படிக்கும் முறை. தபால் உறையில் நாம் எழுதும் முகவரி சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும்: ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம், தமிழ்நாடு. டொமைன் பெயரும் அப்படித்தான். ‘இன்’ நாடு, ‘நிக்’ அதற்குள் தேசியத் தகவல் மையம், ‘கிருஷ்ணகிரி’ அதற்குள் ஒரு மாவட்டம். கணினி இதை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. சாய்கோட்டைத் தாண்டியதும் வரிசை தலைகீழாகிறது. அங்கே பெரியது முதலில், சிறியது பின்னால். ஒரே வரியில் இப்படி இரண்டு திசைகள் இருப்பதற்குக் காரணம், அந்த வரியை இரண்டு வெவ்வேறு அமைப்புகள் படிக்கின்றன என்பதே. முதல் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதைப் பெயர் அமைப்பான டிஎன்எஸ் படிக்கிறது. அதற்கு வலப்பக்கம் இருப்பதை, பெயர் கொண்டுபோய்ச் சேர்த்த சர்வர் படிக்கிறது. வாசலில் காவலாளி பார்ப்பது வீட்டு எண்ணை. எந்த அறை என்று சொல்வது வீட்டுக்குள் இருப்பவர்.

பெயர் அமைப்பு பிறந்த காரணத்திலேயே நம் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது. 1980களின் தொடக்கம் வரை இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அங்கே சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் எழுத வேண்டும். மற்றவர்கள் அதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983இல் பால் மோகபெட்ரிஸ் புதிய அமைப்பை வகுத்தார். 1987 நவம்பரில் வெளியான திருத்திய வடிவமே இன்றும் அடித்தளம். அவர் கண்ட தீர்வு பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொரு புள்ளியும், இதற்கு இடப்பக்கம் இருப்பதை வேறொருவர் கையில் ஒப்படைக்கலாம் என்ற அனுமதி. ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரியும், தர்மபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரியும் பிரிந்தபோது என்ன நடந்ததோ அதுவே இங்கும். எல்லைக் கோடு வரைவது வரைபடத்தில் ஒரு மாற்றம்தான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தனி ஆட்சியர், தனி அலுவலகம், தனிப் பொறுப்பு.

ஜவளகிரியில் ஒருவர் கிருஷ்ணகிரி.நிக்.இன் என்று தட்டினால் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்கலாம். போன் முதலில் தன் செல்போன் நிறுவனத்தின் பெயர் சர்வரைக் கேட்கிறது. அதற்கு விடை நினைவில் இல்லையென்றால், பெயர் அமைப்பின் உச்சியில் இருக்கும் வேர் சர்வர்களில் ஒன்றைக் கேட்கிறது. வேர் சர்வருக்குக் கிருஷ்ணகிரி தெரியாது. ‘இன்’ யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லும். ‘இன்’ சர்வர், ‘நிக்’ யார் பொறுப்பு என்று சொல்லும். அங்கே கேட்டால்தான் கிருஷ்ணகிரிக்கான விடை. அந்த விடைகூட நேரடி எண்ணாக இல்லாமல், இன்னொரு பெயரைப் போய்ப் பார் என்ற கைகாட்டியாக இருக்கலாம். எண் கிடைத்த பிறகு இணைப்புக்கு ஒரு போய்வரும் பயணம், பூட்டுச் சாவி பரிமாற ஒன்றோ இரண்டோ. இவ்வளவும் முடிந்த பிறகே பக்கத்தைக் கேட்க முடியும். மாறாக, ஏற்கெனவே திறந்திருக்கும் தளத்தில் சாய்கோட்டுக்குப் பின்னால் வேறு சொல்லைப் போட்டால் இவை எதுவும் திரும்ப நடக்காது. சிக்னல் மெலிந்த காட்டோரத்தில் ஒரு பயணத்துக்கு 100 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், புதிய பெயர் ஒவ்வொன்றும் கால் நொடிக்கு மேல் தின்னும். பெரிய விலை அல்ல, ஆனால் இலவசமும் அல்ல.

இதைவிடப் பெரிய வேறுபாடு பிரவுசருக்குள் இருக்கிறது. 1995இல் நெட்ஸ்கேப் தன் பிரவுசரில் ஒரு விதி கொண்டுவந்தது. இன்று எல்லா பிரவுசர்களும் அதைப் பின்பற்றுகின்றன. ஒரு தளத்தின் நிரல், இன்னொரு தளத்தின் பக்கத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதே விதி. அப்படியானால் ஒரு தளம் எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது? பிரவுசர் மூன்றை மட்டும் பார்க்கிறது: எந்த நெறிமுறை, எந்தப் பெயர், எந்த வாயில் எண். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது கணக்கில் வராது. ஒரே பெயருக்குக் கீழ் சாய்கோட்டால் பிரிந்த இரண்டு பகுதிகள் வெவ்வேறு ஊர்களுக்கானவையாக இருந்தாலும், வெவ்வேறு ஆட்கள் எழுதியவையாக இருந்தாலும், பிரவுசரின் கண்ணுக்கு ஒரே வீடு. ஒரு பகுதியில் கெட்ட நிரல் நுழைந்தால், அது மற்றப் பகுதியில் உள்நுழைந்திருப்பவரின் பக்கத்தைப் படிக்கும், அவர் பெயரில் படிவத்தை அனுப்பும். புள்ளியால் பிரித்திருந்தால் அந்தச் சுவர் நிற்கும்.

நிற்கும், ஆனால் அதில் ஒரு ஜன்னல் உண்டு. தளத்துக்கு வந்தவரை நினைவில் வைக்க 1994இல் லூ மொண்டுல்லி குக்கீயை உருவாக்கினார்; உள்நுழைந்தவர் யார் என்று தளம் அறிவதும் இன்று அதை வைத்துத்தான். குக்கீ, பெயரின் குடும்ப உறவை மதிக்கிறது. ஒரு சப்டொமைன், அதாவது புள்ளிக்கு இடப்பக்கம் பிரிந்த துணைப் பெயர், தன் தாய்ப் பெயருக்கே குக்கீ வைக்கலாம். அது உடன்பிறந்த எல்லாப் பெயர்களுக்கும் போய்ச் சேரும். இந்த உறவு எதுவரை செல்லும் என்பதற்கு பிரவுசர்கள் ஒரு பொதுப் பட்டியலை வைத்திருக்கின்றன. கவ்.இன், நிக்.இன் இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. அதனால் கிருஷ்ணகிரி.நிக்.இன் தளமும், எல்லைக்கு அப்பால் உள்ள கர்நாடக மாவட்டம் ஒன்றின் நிக்.இன் தளமும் ஒன்றுக்கொன்று குக்கீ வைக்க முடியாது; பிரவுசருக்கு அவை அந்நியர்கள். டிஎன்.கவ்.இன் என்பதற்குக் கீழ் உள்ள துறைகளோ ஒரே குடும்பம். ஒரே கூரைக்குக் கீழ் தனித்தனி அறை. சமையலறை மட்டும் பொது.

இதற்கு நடந்த சான்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப். அந்த நிறுவனம் தன் பயனர்கள் எவரும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள, தன் பெயருக்குக் கீழேயே சப்டொமைன் கொடுத்தது. முன்பின் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் பக்கங்களும், நிறுவனத்தின் உள்நுழைவும் ஒரே குடும்பப் பெயரில் இருந்தன. ஒரு பயனரின் பக்கம் தாய்ப் பெயருக்குக் குக்கீ வைத்து மற்றவர்களின் கணக்கோடு விளையாட வழி இருந்தது. 2013 ஏப்ரலில் கிட்ஹப் அந்தப் பக்கங்களை எல்லாம் கிட்ஹப்.ஐஓ என்ற வேறு பெயருக்கு மாற்றியது. சாய்கோடு போதவில்லை, புள்ளியும் போதவில்லை, தனிப் பெயரே வேண்டியிருந்தது. அங்கே இருந்தவை தகவல் பக்கங்களும் நிரல்களும்தான். பொருளால் பிரிக்கக் காரணம் எதுவும் இல்லை. எழுதுகிற கை மாறியது. அதனால் பெயர் மாற வேண்டியிருந்தது.

என் வாதம் இதுதான்: தளத்தைப் பொருளுக்குப் பொருள் உடைக்கக் கூடாது. கை மாறும் இடத்தில், நம்பிக்கை மாறும் இடத்தில் மட்டும் உடைக்க வேண்டும். ஓசூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் மாநகராட்சியான ஊர் அது. ‘எங்களுக்குத் தனிப் பெயர் வேண்டாமா’ என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அறிவிப்பு, ஒப்பந்தப்புள்ளி, உறுப்பினர் பட்டியல் போன்ற பக்கங்களுக்கு மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பொதுத் தளம் ஒன்று போதும். மென்பொருள் ஒன்று, பராமரிப்பு ஒன்று, சாய்கோட்டுக்குப் பின்னால் ஊர்ப் பெயர். அதில் திருட வேண்டியது எதுவும் இல்லை. எல்லாம் ஊரறிந்த செய்தி. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் வரும்போது நிலைமை மாறுகிறது. அங்கே பணம், கைபேசி எண், வரிவிதிப்பு எண். அதற்குத் தனி சப்டொமைன் இருக்கிறது: டிஎன்அர்பன்இபே.டிஎன்.கவ்.இன். ஊர்களுக்கிடையே புள்ளி போடாமல் பணத்துக்கும் செய்திக்கும் இடையே புள்ளி போட்டது சரியான இடத்தில் விழுந்த கோடு என்பேன். பதிவுத் துறை இன்னும் ஒரு படி போய், டிஎன்.கவ்.இன் குடும்பத்துக்கும் வெளியே கவ்.இன் என்பதற்கு நேரடியாகக் கீழ் தன் பெயரை வைத்திருக்கிறது. கர்நாடகத்தின் பதிவுத் தளமான காவேரியோ, கர்நாடகா.கவ்.இன் குடும்பத்துக்குள் இருக்கிறது. எல்லையின் இரு பக்கமும் ஒரே வேலை, ஆனால் பிரவுசரின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு ஏற்பாடு.

மொழியை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். ஜவளகிரிக்காரருக்கு மூன்று மொழி வேண்டும் என்றால் மூன்று சப்டொமைனா, மூன்று சாய்கோடா? விக்கிப்பீடியா புள்ளி போட்டது. தமிழுக்கு டிஏ, கன்னடத்துக்கு கேஎன், தெலுங்குக்கு டிஇ என்ற எழுத்துகள் பெயரின் முன்னால் நிற்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத் தளம் சாய்கோடு போட்டது. அதன் தமிழ்ப் பக்கங்கள் சாய்கோடு, டிஏ என்ற முகவரியில் தொடங்குகின்றன. ஒரே கேள்விக்கு நேரெதிரான இரண்டு விடைகள், இரண்டும் சரி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஆங்கில விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்பு அல்ல. அதற்குத் தனி எழுத்தாளர்கள், தனி நிர்வாகிகள், தனி விதிகள், தனித் தரவுத்தளம் இருக்கின்றன. தமிழில் ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று கன்னட விக்கிப்பீடியர்கள் முடிவு செய்ய முடியாது. மாவட்டத் தளத்திலோ ஆட்சியர் ஒருவர், செய்தி ஒன்று, அதன் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் ஒரே அலுவலகத்திலிருந்து வருகின்றன. மொழியே தீர்மானிக்கும் காரணமாக இருந்தால் இரண்டு தளங்களும் ஒரே விடையைக் கண்டிருக்க வேண்டும்.

இனி மறுப்புகள். அடிக்கடி கேட்பது தேடுபொறி பற்றியது: சப்டொமைனாகப் பிரித்தால் கூகுள் அதைப் புதிய தளமாக எண்ணிப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்று ஒரு தரப்பு, தனித்து நின்றால்தான் மேலே வரும் என்று இன்னொரு தரப்பு. தங்கள் தேடல் இரண்டையும் ஏற்கும் என்றும், நிர்வகிக்க எது வசதியோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்றும் கூகுளைச் சேர்ந்தவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். இடம் மாறிய பிறகு வரத்து குறைந்ததாக அனுபவம் சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் இடம் மாறும்போது பழைய இணைப்புகள் அறுவது, பக்க அமைப்பு மாறுவது, உள்ளடக்கம் குறைவது எல்லாம் சேர்ந்தே நடக்கின்றன. அதில் புள்ளியின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுவது கடினம். கைமாறாத தளத்தை உடைக்க இதை ஒரு காரணமாக ஏற்க முடியாது. வேகத்துக்காகவும் ஒரு காலத்தில் பிரித்தார்கள். பிரவுசர் ஒரு பெயருக்கு ஆறு இணைப்புதான் திறக்கும் என்பதால், படங்களை இரண்டு மூன்று பெயர்களில் பரப்பினார்கள். 2015இல் எச்டிடிபி 2 என்ற நெறிமுறை வந்து, ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒன்றாக அனுப்பத் தொடங்கியதும் அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. அது தளம் கட்டுகிறவரிடமிருந்து வருவதில்லை, பயன்படுத்துகிறவரிடமிருந்து வருகிறது. உங்களுக்குக் கைகள் பல இருக்கலாம், எனக்கு நிலம் ஒன்றுதானே? சிட்டாவுக்கு ஒரு பெயர், வில்லங்கத்துக்கு ஒரு பெயர், வரிக்கு ஒரு பெயர் என்று நான் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? ஒவ்வொன்றிலும் ஏன் புதிதாக உள்நுழைய வேண்டும்? ஜவளகிரிக் காட்டில் இந்தக் கேள்வியைக் கண்ணால் பார்க்கலாம். பன்னேருகட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் யானைகள் ஜவளகிரி வழியாக ஓசூர்ப் பக்கம் இறங்குகின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் அவை வயலுக்கும் வரும். காடு ஒன்று, யானை ஒன்று, வனத்துறைகள் இரண்டு. அதற்காக மாநில எல்லையை அழித்துவிடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. வழித்தடத்தை அடைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். இணையத்திலும் நியாயமான கோரிக்கை அதுவே. வில்லங்கத் தளத்தையும் வரித் தளத்தையும் ஒரே பெயரில் கொட்டிக் கலந்தால், ஒன்றில் விழும் ஓட்டை இரண்டையும் காவு வாங்கும். அதற்குப் பதிலாக, சிட்டா காட்டும் பக்கத்திலேயே அடுத்த தளத்துக்கு வழி இருக்க வேண்டும். ஒரே அடையாளத்தை எல்லாத் தளங்களும் ஏற்க வேண்டும். இது செலவுள்ள வேலை என்பதை மறைக்கக் கூடாது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் தளங்கள் அனைத்துக்கும் ஒரே கணக்கு என்ற ஏற்பாட்டை 2008இல் தொடங்கி, எல்லாப் பயனர்களையும் அதற்குள் கொண்டுவர 2015 வரை ஆயிற்று. புள்ளி போடுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். போட மனமில்லை என்றால் பிரிக்கக் கூடாது.

நாளைக்குப் பெரிதாகும், இப்போதே பிரித்துவைப்போம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பின்னர் ஒருநாள் சாய்கோட்டிலிருந்து புள்ளிக்கு மாறலாம். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிட நிரந்தர வழிமாற்று இருக்கிறது. ஒரே நிபந்தனை, பழைய பெயர் உங்கள் கையில் இருக்க வேண்டும். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்ஸ்பாட்டில் எழுதிய தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2012இல் கூகுள், இந்தியாவிலிருந்து படிப்பவர்களை பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயருக்குத் திருப்பத் தொடங்கியது. வாசகர்கள் அந்த முகவரியைத்தான் நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். பின்னர் திருப்புவது நின்றது. 2020இல் அந்தப் பெயரே கூகுளின் கையை விட்டு வேறொருவரிடம் போனது. கட்டுரைகள் மூலப் பெயரில் பத்திரமாக இருந்தும், பகிரப்பட்ட இணைப்புகள் செத்தன. தனி டொமைனைவிட சப்டொமைன் இந்த ஒரு வகையில் பாதுகாப்பானது: அதைத் தனியே புதுப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மறந்துபோன சப்டொமைனுக்கு வேறு ஆபத்து உண்டு. ஒரு விழாவுக்காகத் திறந்து, வெளி நிறுவனத்தின் சர்வரைச் சுட்டிவிட்டு, விழா முடிந்ததும் சர்வர் வாடகையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். பெயர் ஏட்டில் கைகாட்டி அப்படியே நிற்கிறது. அந்தக் காலி இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால், உங்கள் பெயரிலேயே அவர் கடை விரிப்பார். பிரவுசருக்கும் மக்களுக்கும் அது உங்கள் பிள்ளைதான்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பற்றி, பொருள்கள், வேலைவாய்ப்பு, கன்னடப் பக்கம் என எல்லாம் ஒரே பெயருக்குக் கீழ் சாய்கோட்டில் இருக்கட்டும். வாடிக்கையாளர் தன் வரைபடங்களை ஏற்றி இறக்கும் பகுதி மட்டும் தனிப் புள்ளியில், தனிப் பூட்டோடு இருக்கட்டும். வெளியாள் கோப்பு உள்ளே வரும் இடம் அது. புள்ளிக்கு மேல் புள்ளி வைக்க வேண்டாம். நட்சத்திரக் குறி போட்டு வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும். யார் பொறுப்பு என்று பதில் சொல்ல முடியாத சப்டொமைன் ஏதாவது பெயர் ஏட்டில் இருந்தால், இன்றே நீக்கிவிடுங்கள்.

பயன்படுத்துகிறவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளப் பெயர் வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு. அதனால்தான் மோசடிக்காரர்கள் டிஎன்.கவ்.இன் என்ற எழுத்துகளையே முன்னால் ஒட்டிவைத்து, பின்னால் தங்கள் சொந்தப் பெயரை வைக்கிறார்கள். செல்போன் திரையில் முன்பகுதி மட்டும் தெரிகிறது. வரியோ கட்டணமோ கட்டும் முன் முகவரியை முழுதாகத் திறந்து, தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்பதை அடுத்து நிற்கும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். அரசுத் தளம் என்று சொல்லிக்கொள்ளும் பக்கத்தில் அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது கவ்.இன் அல்லது நிக்.இன் இல்லையென்றால், பணம் கட்டாதீர்கள்.